நான் ஆஃப் செய்த வரி

தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டுவதற்குள் யாருக்கும் பொறுமை போய்விடும். நீங்கள் தாமதமாக வந்ததில் எனக்கு வருத்தமில்லை சார். நீங்கள் வாங்கித் தந்த டீயும் நன்றாகவே இருந்தது.

எங்கள் கம்பெனி, நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப் செய்கிறது. அதற்குள் ஓடும் கெர்னலை, அதாவது பம்பை இயக்கும் அடிப்படை மென்பொருளை, ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொள்வது நான்தான். பம்பின் பிராசஸர் சிப்புக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. எப்போதாவது அதன் கடிகாரம் தப்பு நேரம் சொல்லும். செய்தவர்களே அதை ஒப்புக்கொண்டு வழியும் சொல்லியிருக்கிறார்கள். நேரத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும். எது ஆன், எது ஆஃப் என்று குறித்துவைக்கும் கெர்னல் கான்ஃபிகில் அது ஒரே ஒரு வரி. நான் அதை எப்போதும் ஆன் செய்தே வைத்திருப்பேன். பம்ப் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.

அப்புறம் ராகேஷ் எங்களுக்குத் தலைவனாக வந்தான். என்னைவிட ரொம்பச் சின்னவன். ஒரு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அந்த வரியைத் திரையில் காட்டினான்.

“இது இன்னாத்துக்கு இன்னும் கீது? புது சிப்ல சரி பண்ணிட்டாங்க. அண்ணன் மினரல் வாட்டரையும் காய்ச்சிக் குடிக்கிற ஆளு,” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவன் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புது சிப்பைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். ஆனால் மலிவாகக் கிடைத்ததென்று பழைய சிப்பையும் வாங்கிப் போட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வரியை ஆஃப் செய்தேன். எங்கள் ஆபீசில் ஒரு மாற்றத்துக்கு யார் ஒப்புதல் கொடுக்கிறாரோ அவர்தான் பின்னால் பதில் சொல்ல வேண்டும். ராகேஷ் சந்தோஷமாகக் கொடுத்தான். சோதனைக்குப் புது சிப் போட்ட பம்புகளை மட்டும் நானே பொறுக்கி அனுப்பினேன்.

பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து வஜீஹா என்ற நர்ஸ் போன் செய்தாள். கெங்கம்மா என்று ஒரு மீன் விற்கும் பெண்ணுக்கு எங்கள் பம்பில் இதய மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“சார், டைம் திடீர்னு குதிக்குது. மருந்து வேகமா போற மாதிரி இருக்கு. வேற பம்ப் மாத்தட்டுமா?”

பழைய சிப் என்று உடனே புரிந்தது. மாற்றச் சொல்லியிருந்தால் அது வெறும் புகாராகப் போயிருக்கும். ராகேஷ் ஒரு மன்னிப்பு மெயில் அனுப்பித் தப்பித்திருப்பான். அது எனக்குப் போதாது.

“வேணாம்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியாயிடும்,” என்றேன்.

அவள் தேங்க்ஸ் சொன்னாள். நல்ல பெண். சாயங்காலம் கெங்கம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மகன் தேசப்பன் எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்து ராகேஷின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். நான் மாடிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு குளிர்ந்தது.

வஜீஹாவின் போனில் என் பேச்சு பதிவாகும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் நீங்கள் எஃப்.ஐ.ஆரில் கொலை என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தலைவன் சொன்னதைத்தான் செய்தேன்.

அந்த வரிக்கான குறிப்பிலேயே, சந்தேகமாக இருந்தால் ஆன் செய்துவிடவும் என்று போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்கிறீர்கள். படித்தேன் சார். எனக்குத்தான் சந்தேகமே இல்லையே.