சலவைக்கூடத்து மஞ்சள் விளக்கு

பல்பு சுட்டது, கைக்குட்டையைச் சுற்றித்தான் கழற்றினேன். ஸ்டூல் ஆடியது. கீழே இஸ்திரி மேசையருகே நின்ற என் தங்கை, "பாத்துண்ணா, விழுந்துடாதே" என்று கையால் சொன்னாள். "ஃபியூஸ் போச்சு, வேற போடணும்" என்று நானும் கையாலேயே சொன்னேன். அது பொய், சார்.

எங்கள் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் காது கேட்காது. மேனேஜரான எனக்கு மட்டும் கேட்கும். கொதிகலனில் அழுத்தம் ஏறினால் சைரன் ஊதும். கூடவே அந்த மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். மினுங்கினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விட வேண்டும். நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன். கொதிகலன் பழசு. அடிக்கடி மினுங்கும், தானாக அடங்கும். வேலைதான் படுத்துவிடும்.

கூடத்தை நடத்தும் அறக்கட்டளை அம்மா, "அவங்களை விரட்டாதீங்க தம்பி, இது கம்பெனி இல்ல, குடும்பம்" என்பார். அதே மூச்சில், "ஆனா கூடம் சொந்தக் கால்ல நிக்கணும்" என்பார். விரிப்புகளை வெளுக்கத் தரும் ஆஸ்பத்திரி அதிகாரியோ அன்று காலை போனில், "உங்க சேவைக்கு ஒரு கும்பிடு. ஆபரேஷன் முடிஞ்சவங்களை வெறும் கட்டில்லயா போடறது? இன்னிக்கும் லேட்டுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார்.

"ரெண்டு மாமியாருக்கு வாக்கப்பட்டவனே" என்று தங்கை விரல்களால் கிண்டலடிப்பாள். சிரித்து வைப்பேன். விரட்டினால் அம்மா என்னை நிறுத்துவார். விரட்டாவிட்டால் ஆஸ்பத்திரி எங்களையே நிறுத்திவிடும். கூடத்தை மூடிவிட்டால் இவர்களை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? அவர்களுக்காகத்தான் பல்பைக் கழற்றினேன்.

மதியம் லாரி வந்து வாசலில் நின்றது. கட்டுகள் ஏறிக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. வழக்கம்போல் அடங்கவில்லை. கொதிகலன் வெடித்தபோது வெளியே இருந்தவர்கள் நானும் டிரைவரும்தான். தங்கை உள்ளே இருந்தாள்.

விளக்கு எரியாததால் அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் கேட்கவேயில்லை. சைரன் ஊத ஆரம்பித்தபோது நானும் கூடத்துக்குள்தான் இருந்தேன். என் முகம் மாறியதைத் தங்கை கவனித்துவிட்டாள். "என்னண்ணா?" என்று கேட்டாள். எல்லோரும் வேலையை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன், சார். "ஒண்ணுமில்ல, இன்னும் ஒரே ஒரு கட்டுதான், சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன்.