லட்சுமம்மா வீட்டுத் தங்கச் சங்கிலி

காந்தா: ...எவ போய்ச் சொன்னாளோ, அவ வாயில மண்ணு விழ. அத்தனை பேர் எதிர்லயும் என் பொண்ணை எழுப்பி, பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போன்னுட்டாங்கக்கா டீச்சரம்மா.

லட்சுமம்மா: ஐயோ பாவம்... குமுதாவையா? இன்னா தப்பு பண்ணாளாம்?

காந்தா: கன்னம் வீங்கியிருக்காம். ஒட்டுவாரொட்டியாம். வெறும் பல்வலி.

லட்சுமம்மா: ரெண்டு பக்கமுமா பல்வலி?

காந்தா: ...பல்லு ரெண்டு பக்கமும்தானே இருக்கு.

லட்சுமம்மா: அதுவும் சரிதான். ஸ்கூல் வாசல்ல போட வேண்டிய சண்டையை என் வாசல்ல ஏன் போடுறே?

காந்தா: உங்க தங்கச் சங்கிலி வேணும்க்கா. நாலு நாளைக்கு. ஒரு... கல்யாணம். ஜீவனஹள்ளில.

லட்சுமம்மா: நாலு நாள் கல்யாணமா? மகாராஜா வீட்டு சம்பந்தமா?

காந்தா: கிண்டல் பண்ணாதீங்க...

லட்சுமம்மா: பொன்னுக்கு வீங்கின்னு நேரா சொல்லேன். இந்த வீட்டு வரிசையில எந்தப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கினாலும் என் சங்கிலிதானே கழுத்துக்குக் கழுத்து போவுது. தங்கம் பட்டாத்தான் வத்தும்னு எனக்குத் தெரியாதா?

காந்தா: சரி, அதேதான். போதுமா? திங்கக்கிழமை மிடில் ஸ்கூல் பரீட்சை. அதுக்குள்ள வத்தலைன்னா உள்ளே விடமாட்டாங்களாம். பரீட்சை போச்சுன்னா ஊதுவத்தி உருட்டப் போவட்டும்னு அவங்கப்பா காத்துக்கிட்டு இருக்காரு.

லட்சுமம்மா: அதுக்காக வீங்கின பொண்ணை அத்தனை பிள்ளைங்க நடுவுல கொண்டுபோய் ஒக்கார வெப்பியா? நியாயமா இது?

காந்தா: நியாயமா? என் பொண்ணுக்கு ஒட்டவெச்ச பிள்ளை மட்டும் இன்னும் பெஞ்சில ஒக்காந்து படிக்குதே, அது நியாயமா?

லட்சுமம்மா: எந்தப் பிள்ளை?

காந்தா: தெரிஞ்சா அந்த வீட்டு வாசல்ல இல்ல நின்னிருப்பேன்... சங்கிலியைக் குடுங்கக்கா.

லட்சுமம்மா: சங்கிலி... ஆசாரிகிட்ட இருக்கு. கொக்கி விட்டுப்போச்சு.

காந்தா: நானே போய் வாங்கிக்கிறேன்.

லட்சுமம்மா: அவன் ஊருக்குப் போயிட்டான்.

காந்தா: இப்பத்தான் கடையில பாத்துட்டு வர்றேன்.

லட்சுமம்மா: ஸ்வல்ப சும்மா இரேன்... பொட்டியிலதான் இருக்கு. சாவி ஜெயராஜ்கிட்ட.

காந்தா: ஸ்கூலுக்குப் போற பிள்ளைகிட்ட எதுக்குப் பொட்டிச் சாவி? ஆமா... உங்க மவனைக் காலையில பாத்தேன். இந்த மார்ச் மாச வெயில்ல எதுக்குக்கா கழுத்துல மப்ளர்?

லட்சுமம்மா: இருமல்.

காந்தா: இருமலுக்குக் கன்னத்தோட சேத்தா கட்டுவாங்க?

லட்சுமம்மா: நீ மொதல்ல வீட்டுக்குப் போ, பொண்ணு தனியா இருக்கும்.

காந்தா: அக்கா. குமுதாவைப் பத்தி டீச்சரம்மாகிட்ட சொன்னது யாரு?

லட்சுமம்மா: கத்தாதேடி, அக்கம்பக்கத்துல காது இருக்கு... மத்தியானம் சாப்பாடு குடுக்கப் போனேன். அந்தம்மா வரிசையா ஒவ்வொரு பிள்ளை கன்னமா தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தாங்க. ஜெயராஜ்கிட்ட வர்றதுக்குள்ள எந்தப் பக்கமாவது திருப்பி விடணுமே... உன் பொண்ணைக் கைகாட்டிட்டேன். சங்கிலி அவன் கழுத்துலதான் கெடக்கு. அவனுக்கு வத்திட்டு வருது. சாயங்காலம் வந்ததும் கழட்டித் தர்றேன்... மப்ளரையும் சேத்தே எடுத்துட்டுப் போ.