'உனக்கென ஒரு சன்னல்' கடைசி அத்தியாயம் தாமதமானது பற்றி

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வரவேண்டிய கடைசி அத்தியாயம் ஏன் வரவில்லை என்று நூற்றுப் பதினான்கு பேர் விசாரித்திருக்கிறீர்கள். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். வீட்டில் ஒரு சாவு. இறந்தது என் மனைவி.

நீங்கள் 'தமிழ்வாணி அக்கா' என்று கூப்பிடுகிற நான் பெண் இல்லை. என் பெயர் ஆசீர்வாதம். ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒத்தக்கடையில், காலேஜ் பஸ்கள் திரும்புகிற தெருவில் குடியிருக்கிறேன். இதைக் கேட்டு உங்களில் சிலருக்குக் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள். பாதியில் கோபப்படுகிற பழக்கம் உங்களிடம் உண்டு. அதை நான் ஒரு முறை பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவியையும் உங்களுக்குத் தெரியும். வேறொரு இணையதளத்தில் பதினோரு காதல் தொடர்கள் எழுதிய ஆனிமேரி. தமிழ்வாணியின் கதையைத் திருடிவிட்டாள் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து துரத்திய அதே ஆனிமேரி.

மதியம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் நீள நோட்டை விரிப்பாள். நான்கு மணிவரை தலை நிமிரமாட்டாள். நான் அதை எழுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பொழுதுபோகாத பொம்பளைகளுக்காகப் பொழுதுபோகாத பொம்பளை எழுதுவது என்று விருந்தாளிகள் முன்னால் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுக் காபி போடப் போவாள்.

ஒரு முறை அந்த நோட்டைப் புரட்டினேன். திவ்யா என்ற பெண் கையில் குழம்பைக் கொட்டிக்கொள்கிறாள். அவள் கணவன் சூரியபிரகாஷ் அந்தக் கையைப் பிடித்து ஒன்றரைப் பக்கம் ஊதிக்கொண்டிருக்கிறான். தீப்புண்ணுக்குத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஊதி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

"யாராச்சும் ஊதினாத்தானங்க அது தெரியும்" என்றாள்.

நானும் எழுதுகிறவன்தான். சங்கப் பாடல்களில் பாலைத் திணை பற்றி ஒரு கட்டுரைநூல். ஐந்நூறு பிரதி அச்சடித்ததில் நானூற்றுக்கு மேல் பரணில் இருக்கின்றன. அதற்கு ஒரு அறிமுகக் கூட்டம் சிம்மக்கல்லில், ஒரு மாடி அறையில் நடந்தது. வந்தவர்கள் பதினான்கு பேர். பின்வரிசையில் மூன்று பெண்கள் ஒன்றரை மணி நேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே பேசினேன். எனக்கு மனசு நிறைந்துபோனது. முடிந்ததும் ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள். கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்க்கிறவளாம், பெயர் சத்யப்ரியா.

"சார், நீங்க ஆனிமேரி அம்மா வீட்டுக்காரர்தானே? அம்மா வரலையா?"

அம்மா கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். மேலே வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மூன்று பேரும் படியிறங்கி ஓடி அவளைக் கட்டிக்கொண்டார்கள். போனை என்னிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அம்மா கண்ணை மூடிவிட்டார்கள், இன்னொன்று எடுங்கள் என்றார்கள். அதையும் எடுத்தேன்.

பொறாமை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு மொழியின் தரம் பற்றித்தான் கவலை.

புதுத் தொடர் தொடங்குமுன் பத்து அத்தியாயங்களை நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது ஆனிமேரியின் வழக்கம். புதன்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபத்துக்கு மாதா கோயிலுக்குப் போய்விடுவாள். இரண்டு புதன்கிழமைகளில் பத்து அத்தியாயங்களையும் போனில் படம் பிடித்தேன். தட்டச்சு செய்து, தமிழ்வாணி என்ற பெயரில் இந்தத் தளத்தில் போட்டேன். தலைப்பைக்கூட மாற்றவில்லை. மாற்றியிருந்தால் உங்களுக்குக் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அவள் தன் தளத்தில் முதல் அத்தியாயத்தைப் போட்டாள். இரண்டே நாளில் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். இரண்டு பக்கங்களையும் தேதியோடு படம் பிடித்துச் சுற்றுக்கு விட்டீர்கள். முந்நூறு பேருக்கு மேல் அவளைத் திருடி என்று எழுதினீர்கள்.

அன்றைக்கு அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சாய்ந்தவள் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்களாவது நம்புகிறீர்களா என்று கேட்டாள். நம்புகிறேன் என்றேன். அது பொய் இல்லை. அவள் எழுதியதுதான் என்று என்னைவிட நிச்சயமாகத் தெரிந்தவர் யார்?

நோட்டில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தேதி போட்டிருந்தாள். அதைத் தளத்துக்காரர்களுக்கு அனுப்பச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தாள். கூரியரில் அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். நோட்டைக் கொல்லையில் காய்ந்த இலைகளோடு சேர்த்துக் கொளுத்தினேன். பிறகு அவள் கணக்கிலிருந்து, அவள் எழுதுகிற மாதிரியே ஒரு கடிதம் போட்டேன். 'அன்புத் தங்கச்சிகளா, எடுத்தது உண்மைதான். வயசான காலத்துல நாலு பேரு பாராட்டுறதுக்கு ஆசைப்பட்டுட்டேன்.' அதைப் படித்து அழுததாக உங்களில் எத்தனையோ பேர் எழுதினீர்கள். நான் எழுதி அத்தனை பேர் வாசித்தது அதுதான் முதல் தடவை. அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் சத்யப்ரியா போன் செய்தாள். ஆனி மீன் ஆய்ந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். கூடத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பாத்துட்டு, பஸ்ல உங்க கதையத்தாம்மா படிச்சுட்டு வருவோம். நான் திருடலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க சண்டை போட்டிருப்போம். நீங்களே ஒத்துக்கிட்டு லெட்டர் போட்டுட்டீங்களே."

எந்த லெட்டர் என்று ஆனி கேட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே முழுவதையும் வாசித்தாள். ஆனி கடைசிவரை கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சோறு எடுத்துவைக்கவா என்று கேட்டாள்.

அதன் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. விஷயம் அவளுக்குப் பிடிபடவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. மதியங்கள் நீளமாகிவிட்டன. பாத்திரச் சத்தம் ஓய்ந்தால் வீட்டில் ஒன்றுமே கேட்காது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது தாங்கவில்லை.

நீங்களோ பதினோராம் அத்தியாயம் கேட்டு என்னை நச்சரித்தீர்கள். எப்படி எழுத வேண்டும் என்று காட்டலாமே என்று தோன்றியது. பாலைத் திணையை வைத்து எழுதினேன். 'என்னக்கா ஆச்சு, பாடப்புத்தகம் மாதிரி இருக்கு' என்றீர்கள். பாதிப் பேர் போய்விட்டீர்கள். அதனால் அவளை மாதிரி எழுதப் பழகினேன். அதற்கு அவளைக் கவனிக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அவள் முகம் என்ன ஆகிறது என்று பார்ப்பேன். ஒரு நாள் அப்பளம் பொரிக்கும்போது அவள் கையில் எண்ணெய் தெறித்தது. பிடித்து ஊதினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கதையில் அப்படி எழுத முடியாது, கண் கலங்கிச் சிரித்தாள் என்று எழுதினேன். இருபத்தோராம் அத்தியாயம் அது. உங்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

போன வாரம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் நம்பிக்கையாகப் பேசவில்லை. இரண்டாம் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அந்தத் தமிழ்வாணி கதை கடைசிக்கு வந்துருச்சு. நான் சொல்றத எழுதிக்கிட்டு அவுகளுக்கு அனுப்பிருங்க. என் பேரு வேணாம். அந்தப் புள்ள திவ்யாவ பாதியில விட்டுட்டுப் போக மனசு வரல."

அதுவரை அவள் அந்தக் கதையை வாசித்து வந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இரண்டு மதியங்கள், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ஊருக்கு முன்னால் திவ்யாவுக்குப் பழி தேடித் தந்த சூரியபிரகாஷ், அவள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்கிறான். செய்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான். திவ்யா குறுக்கே பேசாமல் கேட்கிறாள். 'நீங்க அழுறது தெரியுது. ஆனா என்னால மன்னிக்க முடியல' என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போகிறாள்.

எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். கடைசி வரியைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டுத்தான்" என்றாள். வியாழக்கிழமை காலையில் இறந்துபோனாள். அடக்கத்துக்குத் தெருக்காரர்கள் வந்தார்கள். அவளை வாசித்தவர்கள் ஒருவரும் வரவில்லை.

ஆனிமேரி எதையும் திருடவில்லை. கதையைத் திருடியதும் நான், அவளைத் திருடி ஆக்கியதும் நான், அவள் பேரில் ஒத்துக்கொண்டதும் நான். இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

கடைசி அத்தியாயம் கீழே இருக்கிறது, அவள் பெயரிலேயே. அவள் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்திருக்கிறேன். முடிவில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றியிருக்கிறேன். திவ்யா அவனை மன்னித்துவிடுகிறாள். எனக்காக அதை மாற்றவில்லை, உங்களைப் போன்ற பெண்களுக்கு அப்படி முடிந்தால்தானே பிடிக்கும்.