வெறுந்தரையில் ஒரு பெரட்டு

அவைத்தலைவர் சிவஞானம் அவர்களே, அப்புத்தளைப் பனியையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் பெரியோர்களே, கொழுந்துக்கூடையை இறக்கிய கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே, பதுளை நகரத்து நண்பர்களே, வணக்கம்!

வெறுந்தரை நாடகக் குழுவின் வரலாற்றைச் சொல்லச் சொன்னார்கள். புகழச் சொல்லவில்லை. எனவே உள்ளதைச் சொல்கிறேன்.

மேடையை மறுத்தார்கள், முகப்பூச்சை மறுத்தார்கள், முன்திரையை மறுத்தார்கள். மக்களோ அவர்களையே மறுத்தார்கள்! முதல் நாடகம் முடிந்ததும் கருத்துக் கேட்டார்கள், பார்த்தவர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்ததில் எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். பெரகல சந்தியில் மூன்றாவது நாடகம். பஸ் வந்தது, பார்த்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். யார் அங்கே சிரிப்பது? நீங்களும் அந்த பஸ்ஸில் போனவர்தானே ஐயா?

நெறியாளர் சிவசக்தி நடிகர்களிடம் சொன்னார்: "கொஸ்லந்தையில இன்னொண்ணு போடுவோம். அதுவும் படுத்துருச்சுன்னா குழுவைக் கலைச்சிருவோம்."

அதுதான் 'பெரட்டு'. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அதே பெரட்டுக் களத்தில், ஞாயிறு மாலை நடத்தினார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பிந்தி வரும் பெண்ணுக்குக் கங்காணி அன்றைய கூலிக்குப் பெயர் போடாமல் திருப்பி அனுப்புவார். அவள் அழுதுகொண்டே போவாள். கதை அவ்வளவுதான்.

கங்காணியாக நின்ற ஜெயகுமார், "பெரட்டுக்கு வாங்க!" என்று குரல் கொடுத்தார். என்ன நடந்தது? பார்க்க வந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து வரிசையில் நின்றார்கள்! விடுமுறை என்பதை மறந்தார்கள். நாடகம் என்பதை மறந்தார்கள். சிவசக்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெயகுமார் மட்டும் விடாமல் நடித்தார்.

நடிகை கௌசிகா பிந்தி வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். "உனக்குப் பேரு இல்ல, வீட்டுக்குப் போ!" என்றார் கங்காணி.

வரிசையிலிருந்து மாரியாயி என்ற தொழிலாளி வெளியே வந்தார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்றாளே, காதுல விழலீங்களா? அவளுக்குப் பேரு போடுங்க. இல்லாட்டி ஒருத்தியும் கொழுந்தெடுக்க மலைக்குப் போக மாட்டோம்."

சொன்னவர் தரையில் உட்கார்ந்தார். அனைவரும் உட்கார்ந்தார்கள். எழுதிக்கொடுத்திருந்த வசனத்தை ஜெயகுமார் உறுமினார், உரக்கக் கத்தினார். யார் அசைந்தார்கள்? ஒருவரும் அசையவில்லை. கடைசியில் எழுதாத வசனமொன்று அவர் வாயிலிருந்து வந்தது: "சரி, நீயும் மலைக்குப் போம்மா."

சிவசக்தி ஓடிவந்து கேட்டார்: "நாடகம்னு தெரியாமலாம்மா செஞ்சீங்க?"

மாரியாயி சொன்னார்: "எந்திரிச்சது தெரியாமத்தாங்க. உக்காந்தது தெரிஞ்சுதான்."

நான் எளிதில் உருகுகிறவன் அல்லன். அன்று களத்தோரம் நின்று கை சிவக்கத் தட்டினேன். இந்த ஒரு பதிலுக்கு மூன்று தோல்விகள் தகாதா? குழு கலையவில்லை. எழுதிவைத்த முடிவைத்தான் கலைத்தார்கள். இன்றும் அந்த நாடகத்தை முடித்துவைப்பது நடிகர்கள் அல்லர், நீங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வெளியே வெறுந்தரையில் 'பெரட்டு' தொடங்கப் போகிறது, கங்காணி காத்திருக்கிறார். நான் இறங்குகிறேன், வணக்கம்.