இருட்டிய பிறகு ஒரு டம்ளர் கஷாயம்

எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும், டாக்டரம்மா. தொழிற்சாலை கேன்டீனில் அண்டா அண்டாவாகக் கிண்டிப் பழகிய கை. உப்பில்லாத பத்தியச் சாப்பாட்டைக்கூட இன்னொரு கரண்டி கேட்டு வாங்க வைத்துவிடுவேன்.

எடை குறைய நீங்கள் என் மனைவிக்குக் கொடுத்த சாப்பாட்டுத் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது. இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், பிறகு விடியும்வரை தண்ணீர் மட்டும். எடை குறைந்தால்தான் முழங்காலில் கை வைப்பேன் என்று ஆபரேஷன் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கால் சரியானால்தான் அவள் மறுபடி வேலைக்குப் போக முடியும். பஸ் கண்டக்டர் அல்லவா, நாள் முழுக்க நிற்கிற வேலை. அந்த வழித்தடத்தில் பாதிப் பேருக்கு அவள் 'விசில் அக்கா'.

கால் நன்றாக இருந்த காலத்தில் நான் வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டுதான் தொங்கும். பேச்சையெல்லாம் பஸ்ஸிலேயே செலவழித்துவிட்டு வருவாள். எனக்கு மிஞ்சியது ஒரு 'ம்'. முழங்கால் போன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து என் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். "வந்துட்டீங்களா?" என்று கேட்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் கேன்டீனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவேன்.

உங்கள் திட்டப்படி முதலில் மளமளவென்று குறைந்தது. ஒரு நாள் பெட்டியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். பித்தான் போட முடிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். எனக்குக் கதவில் தொங்கும் பூட்டுதான் கண்ணில் வந்தது. சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் வந்தது நிஜம்.

மறுநாள் சோற்றுக்குப் பதிலாக நான் செய்து கொடுக்கும் காலிஃபிளவர் துருவலில் கொஞ்சம் அரிசி நொய்யை வேகவைத்துக் கலந்தேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே பதம். எலும்பு சூப்பில் உருளைக்கிழங்கை மசித்து வடிகட்டினேன். எலும்புச் சாறு நன்றாக இறங்கியிருக்கிறது, அதனால்தான் கெட்டி என்றேன். இருட்டிய பிறகு பசியில் புரண்டுகொண்டிருப்பாள். மூட்டுக்கு நல்லது என்று ஒரு கஷாயம் காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தேன். வாய் கோணும் கசப்பு. அந்தக் கசப்புக்குள் எவ்வளவு சர்க்கரையைக் கரைத்தாலும் தெரியாது. எடை மறுபடி ஏற ஆரம்பித்தது.

"இருட்டின பிறகு என்ன சாப்பிடுறீங்க?" என்று நீங்கள் கேட்டபோது "ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மருந்தை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?

"மறைச்சுச் சாப்பிடுறீங்க, ஒத்துக்கங்கம்மா. காத்தக் குடிச்சா எடை ஏறும்?" என்றீர்கள். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க, நான் ஏதாவது தின்னேனா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் குனிகிறான் என்று நீங்கள் நினைத்தீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அதற்குப் பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். வெறும் வயிற்றோடு கிடந்தால் தலை சுற்றுமே என்று நான் சூப்பை இன்னும் கெட்டியாக்கினேன். ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போய்த் திங்கிறேன் போலிருக்கு. எனக்கே தெரியல. சமையக்கட்டைப் பூட்டிருங்க" என்றாள். பூட்டினேன். அப்போதும் எடை ஏறியது. பிறகு படுக்கையறைக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடச் சொன்னாள். அதையும் போட்டேன். போடுவதற்கு முன்னால் கஷாயத்தைக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "என்னால உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கண்ணாடி இல்லாமல்தான் சவரம் செய்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதனால்தான் அவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தேன். செய்தது நான்தான், டாக்டரம்மா. அவள் ஒரு பருக்கையைக்கூடத் திருடித் தின்றதில்லை.

நீங்கள் ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். சில உடம்புவாகு இப்படித்தான், என்ன செய்தாலும் குறையாது, ஆபரேஷனே வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள். தன்னையே திட்டிக்கொள்வதை நிறுத்திவிடுவாள், எனக்கு அது போதும். என் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம். என் மானத்துக்காகக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்தால் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வது? பாவம், நடக்கக்கூட முடியாதவள்.