தோளில் விழுந்த கை

போலீஸ் ஸ்டேஷனில் பெயர் கேட்டார்கள். அமைச்சர் வீட்டம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், அப்படியே எழுதச் சொன்னேன். வயது அறுபத்திரண்டு. அமைச்சருக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டில் குடியிருக்கிறேன்.

என் கணவருக்குச் சில மாதங்களாக ஞாபகம் தவறிப்போகிறது. வெளியே முதுகுவலி என்று சொல்லிவந்தோம். கோப்புகளில் மகன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று காலை பின்பக்கத் தோட்டத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். தினமும் கேட்பதுதான். "உங்க வீட்டுக்காரிதாங்க" என்றேன். நல்ல தமாஷ் என்று சிரித்தார்.

அதன் பிறகு வேலியோரச் செடிக்குள்ளிருந்து, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க! அம்மா, நீங்களும் சேர்ந்து நில்லுங்க!" என்று குரல் கேட்டது. ஒளிந்து படமெடுக்க வந்த பத்திரிகைப் புகைப்படக்காரர், தொழில் பழக்கத்தில் வாயை விட்டுவிட்டார். திருட வந்தவன் கதவைத் தட்டிய மாதிரி.

என் கணவர் சட்டென்று எழுந்து, பாதி முகத்தில் நுரையோடு, கழுத்துத் துண்டை உருவிப் போட்டு, காலரை இழுத்துவிட்டு, என் தோளில் கைபோட்டு, "இவ என் சம்சாரம். இவளும் படத்துல நல்லா விழணும்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு படம் எடுத்த பின் புகைப்படக்காரரும் கேமராவை இறக்கிவிட்டார்.

அதன் பிறகு காவலாளி ஓடிவந்து புகைப்படக்காரரைப் பிடித்தார். மகன் புகார் கொடுத்தான். புகைப்படக்காரர் என்னிடம், "மன்னிச்சிடுங்கம்மா. ஆனா அமைச்சர் இப்படி இருக்கார்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி யோசித்தபோது அவர் கேட்டது நியாயம்தான் என்று பட்டது.

வேலி தாண்டியது தப்பு. ஆனாலும் அவர்மேல் வழக்கு வேண்டாம். என் கணவருக்கு நினைவு சரியில்லை, பதவி விலகுகிறார் என்று இன்று மாலை பத்திரிகைகளைக் கூப்பிட்டு நானே சொல்கிறேன். ஜனங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். படத்தைப் போட மாட்டேன் என்று புகைப்படக்காரர் உங்கள் முன்னாலேயே வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கேமரா உங்கள் மேசையில் இருக்கிறது. படத்தை அழிக்கச் சொல்லி மகன் நிற்கிறான். தயவுசெய்து அழிக்க வேண்டாம். எனக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்கள். என் கணவர் என்னை இன்னாரென்று சொன்னதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

நான் சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை.

(கையொப்பம்)