பிடிக்கு அடியில் இரண்டு விரல்

இந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா, ஐயா. தாள் பறக்கிறது. எனக்கு எழுத்து நேராக வர வேண்டும். பத்தொன்பது வருடமாக மாணவர்களின் பயிற்சிக் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிப் பழகிய கை இது. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: விபத்து நடந்த நேரத்து வானொலிப் பதிவில் கேட்கும் அந்த ஆறு விநாடிக் கீச்சொலி என்ன? என் கையில் இருந்த வானொலிச் செட் பழுது என்று போன வாரம் சொன்னேன். செட்டில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும். முதலிலிருந்து வருகிறேன்.

நான் விமானப் பயிற்சியாளன். எங்கள் பள்ளி நடைபாதையில் ஒரு பலகை இருக்கிறது. முதன்முதலாகத் தனியே பறந்தவர்களின் பெயரும், பக்கத்தில் அவர்களைப் பழக்கியவரின் பெயரும் அதில் எழுதப்படும். என் பெயர் நூற்றுப் பன்னிரண்டு தடவை இருக்கிறது. என்னிடம் வந்து தேறாமல் போனவர் ஒருவரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்களே போய் எண்ணிப் பார்க்கலாம்.

இறந்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. முப்பத்து நான்கு வயது. கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் இருந்தான். "இப்ப விட்டா அப்புறம் எப்பவுமே இல்ல மாமா" என்று வேலையை விட்டுவிட்டு எங்கள் பள்ளியில் சேர்ந்தான். எங்கள் வீட்டு முன்னறை சோபாவில் ஏழு மாதம் படுத்தான். தங்கமானவன். சாப்பிட்ட தட்டை அக்காவைத் தொட விடமாட்டான். எனக்கு அவன்மேல் எந்த மனக்கசப்பும் இருந்ததில்லை, அதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

முதல் இருபது மணி நேரம் மளமளவென்று கற்றுக்கொண்டான். ஏறுவது, திரும்புவது எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தரையிறக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டான். ஓடுபாதைக்கு ஓராள் உயரம் இருக்கும்போது கைப்பிடியை மெல்லத் தன் பக்கம் இழுத்து விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டும். முந்தி இழுத்தால் விமானம் மேலே மிதந்து, வேகம் செத்து, தொப்பென்று விழும். பிந்தினால் சக்கரம் மோதித் துள்ளும். அவன் ஒருநாள் முந்துவான், மறுநாள் பிந்துவான். கூடப் படித்தவர்கள் 'தவளை' என்று பெயர் வைத்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

இப்படித் தேங்கி நிற்பது எல்லோருக்கும் வருவதுதான். பத்து மணி நேரம் ஒன்றும் ஏறாது, ஒருநாள் காலையில் சட்டென்று கண் திறக்கும். அதற்கு மருந்தும் உண்டு. சில நாள் ஓய்வு, இல்லையென்றால் வேறு பயிற்சியாளர். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.

"ஒரு வாரம் லீவு குடுங்க சார். அப்புறம் என்கூட நாலு தடவ பறக்கட்டும். ஒரே குரலக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப் போயிருக்கும்."

"இன்னும் ரெண்டே நாள் மேடம். கைக்கு வந்துட்டே இருக்கு" என்றேன்.

வரவில்லை. வீட்டில் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, துடைப்பக் கட்டையைப் பிடியாக வைத்துக்கொண்டு பழகுவான். என் மனைவி அடுப்படியிலிருந்து உயரம் சொல்லுவாள். "அம்பதடி... முப்பதடி... டேய், பால் பொங்குது, கொஞ்சம் அங்கயே நில்லு." "ஆகாசத்துல எப்படிக்கா நிக்கிறது?" என்று கத்துவான். நாள் ஆக ஆக அந்தச் சிரிப்பும் நின்றது. நாற்பது மணி நேரத்துக்குள் தனியாகப் பறக்காதவரைப் பள்ளி அனுப்பிவிடும். முப்பத்தாறு முடிந்திருந்தது. ஒரு மாலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். என் மனைவி கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. அவன எப்படியாவது தேத்தி விட்ருங்க."

எங்கள் விமானத்தில் இருவர் அருகருகே உட்காருவோம். அவன் முன்னால் ஒரு பிடி, என் முன்னால் ஒரு பிடி. இரண்டும் உள்ளே இணைந்தவை, ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். மறுநாள் தரை நெருங்கியபோது என் பிடிக்கு அடியில் இரண்டு விரலை வைத்து லேசாக இழுத்தேன். அவன் கண் ஓடுபாதையில் இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

"மாமா, பாத்தீங்களா? பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்" என்றேன்.

அன்று வீட்டில் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில் பார்த்ததுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அவனுக்கு நம்பிக்கை வரட்டும், பிறகு விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம் என்றிருந்தேன். எடுத்தும் பார்த்தேன். எடுக்கப் போனாலே பிடி அவன் கையில் தப்பாக ஓடியது, மறுபடி விரலை வைத்தேன். இப்படி ஐந்து நாளில் இருபத்தாறு தரையிறக்கம்.

நான்காம் நாள் காரில் வீடு திரும்பும்போது கேட்டான்.

"மாமா, கோச்சுக்க மாட்டீங்களே. பிடி சில சமயம் தானா வர்ற மாதிரி இருக்கு. நீங்க தொடலையே?"

"என் கை மடியிலதான் இருக்கும்."

"நாளைக்கு ஒரே ஒரு தடவ ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்குங்களேன். எனக்கு ஒரு திருப்தி."

"விதி அதுக்கு இடம் குடுக்காது. உன்மேல உனக்கே நம்பிக்கை இல்லன்னா நான் என்ன மாப்ள பண்றது?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஸாரி மாமா" என்றான். அப்படி ஒரு விதி கிடையாது.

அதன்பின் அவனை வேறு பயிற்சியாளரோடு அனுப்ப முடியாமல் போயிற்று. ஒரே ஒரு தரையிறக்கம் போதும், குட்டு உடைந்துவிடும். பலகையில் நூற்றுப் பதின்மூன்றாவது பெயர் வராது என்பதோடு, மற்ற நூற்றுப் பன்னிரண்டையும் சந்தேகப்படுவார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். சிலருக்குத் தனியாக விட்டால்தான் கண் திறக்கும். குறிப்பேட்டில் எழுதினேன்: 'இருபத்தாறு தரையிறக்கங்கள், உதவியின்றி. தனியாகப் பறக்கத் தகுதி உண்டு.' அழகான கையெழுத்து, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தனியாகப் பறந்து இறங்குபவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது எங்கள் பள்ளி வழக்கம். அன்று காலை வாளியை நானே நிரப்பி விமானக் கொட்டகை வாசலில் வைத்தேன். பிறகு அவனோடு ஒரு சுற்று போய் வந்தேன். விமானத்திலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தும் முன், "நான் இல்லாததால வண்டி லேசா இருக்கும், இன்னும் மெதுவா இழு" என்று சொன்னேன். எல்லா மாணவருக்கும் சொல்வதுதான். அவன் கட்டைவிரலை உயர்த்தினான். நெற்றி வேர்த்திருந்தது.

நன்றாக ஏறினான். நன்றாகத் திரும்பினான். நான் ஓடுபாதை ஓரத்தில் கைச்செட்டோடு நின்றேன். தலைமைப் பயிற்சியாளர் அம்மா கோபுரத்தில் ஒலிவாங்கியோடு இருந்தார். அவன் இறங்கி வந்தான், இரண்டு மாடி உயரத்திலேயே பிடியை இழுத்துவிட்டான். மூக்கு தூக்கி விமானம் மிதந்தது. அப்போது 'கோ அரவுண்ட்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முழு விசை கொடுத்து மறுபடி மேலே போயிருப்பான். நூறு தடவை பழகியது அது, அதில் அவனுக்குத் தடுமாற்றமே கிடையாது.

சொல்லத்தான் பொத்தானை அழுத்தினேன். அது முதல் விநாடி.

எங்கள் வானொலியில் இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் விமானத்தில் வெறும் கீச்சொலிதான் கேட்கும். கோபுரத்தில் அந்த அம்மா கத்திக்கொண்டிருப்பது கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தது. நான் விரலை எடுத்தால் அவர் குரல் அவனுக்குப் போய்ச் சேரும். அவன் மேலே போவான். அவர் பேசிப் பேசியே அவனைப் பத்திரமாக இறக்கிவிடுவார். மாலைக்குள் அவனைத் தன் விமானத்தில் உட்காரவைப்பார். அந்த இருபத்தாறும் யாருடையவை என்று பள்ளி முழுக்கத் தெரியும், அவனுக்கும் தெரியும், வீட்டில் அவளுக்கும் தெரியும். மீதி ஐந்து விநாடியும் இதையெல்லாம் நிதானமாக நினைத்தேன். ஒரு துள்ளு துள்ளித் தப்பித்துவிடுவான், தவளைதானே என்றும் நினைத்தேன். என் இடது கையில் இரண்டு விரல்கள் காற்றில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தன. வலது கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. இடது இறக்கை சாய்ந்து முதலில் தரையில் பட்டது.

தெரிந்தேதான் அழுத்திக்கொண்டிருந்தேன், ஐயா. எடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். இதை அப்படியே எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன்.

என் மனைவி இன்னும் சோபாவிலிருந்து அவன் தலையணையை எடுக்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "இவர் அவனுக்காகப் படாத பாடு பட்டார்" என்று சொல்கிறாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பயந்தானா?" இல்லை என்றேன். இந்தத் தாளை அவளும் ஒருநாள் படிப்பாள். அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதுகிறேன். அவனுக்கு வரவில்லை, வராதவனை அனுப்பினேன் என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அது அவனுக்குச் செய்கிற அநியாயம். அந்த இருபத்தாறையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஒன்றுகூடத் துள்ளவில்லை. என் மச்சினன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஐயா, அவ்வளவு நேர்த்தியாக விமானத்தை இறக்கிய மாணவனை இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.